குடிக்காதவனுக்குச் சாட்சி சொன்னவர்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, சாராயத்தின் வாசனைகூட மற்றவர்கள் வாயிலிருந்து வந்துதான் தெரியும். இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. குடித்துவிட்டு யாராவது பஸ்ஸில் ஏறினால், வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். கண்டக்டர் சும்மா இருந்தாலும் நான் இருக்கமாட்டேன்.

அந்த வருஷம் எனக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்புண் உண்டு. நேரத்துக்குச் சோறு கிடையாது, டீயும் பன்னுமாகவே பொழுது ஓடும். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் தையல். எழுபது கிலோ இருந்தவன் ஐம்பதுக்கு வந்துவிட்டேன். நான்கு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றபோது, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னால ஓட்ட முடியுமா? ஒரே ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தாலும் ஸ்டீயரிங்க வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன், பார்த்துக்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கறார். அந்த வேறு ஆளையும் ஏற்கனவே பார்த்து வைத்திருக்கிறார் என்று கண்டக்டர் என் காதில் போட்டிருந்தார். எனக்கோ அப்போதுதான் முதல் பெண் குழந்தை பிறந்திருந்தது. மனைவி பிரசவத்துக்குப் போளூரில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து பதினைந்து நாளாகியும் நான் போய் முகம் பார்க்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள், லீவு கேட்க வாய் வரவில்லை. அந்த வேலை போனால் வேறு வழி தெரியாது என்பதுதான் உண்மை.

நான் துரும்பாக இளைத்துப் போனதைப் பார்த்து என் அக்கா ஒரு பாட்டில் திராட்சை அரிஷ்டம் வாங்கிக் கொடுத்திருந்தாள். காலையில் ஒரு அவுன்ஸ், ராத்திரி ஒரு அவுன்ஸ், சாப்பாட்டுக்கு அப்புறம். ரத்தம் ஊறும், பசி எடுக்கும் என்றாள். ஒழுங்காகத்தான் குடித்துவந்தேன். தீபக் கூட்டம் வந்ததும் எல்லாம் கெட்டது. ஐந்து நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பஸ்ஸிலேயே தூக்கம், பஸ் ஸ்டாண்ட் குழாயில் குளியல். கூட்டம் எல்லாம் வடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் சின்னக்கடைத் தெருவில் இருந்த என் வாடகை வீட்டைத் திறந்தேன். அலமாரியில் அரிஷ்டப் பாட்டில் அப்படியே இருந்தது.

இங்கேதான் நான் அந்த மேதாவித்தனத்தைச் செய்தேன். ஐந்து நாள் மருந்து விட்டுப்போயிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு அவுன்ஸ் என்றால் பத்து. அன்றைக்குக் காலை வேளையையும் சேர்த்தால் பதினொன்று. டீசல் குறைந்தால் மொத்தமாக ஊற்றி நிரப்புகிற மாதிரி, விட்டுப்போனதை எல்லாம் ஒரே வேளையில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். டம்ளரில் ஊற்றி ஊற்றிக் குடித்தேன். தித்திப்பும் துவர்ப்புமாக நன்றாகவே இருந்தது. கார்த்திகை மாதத்துச் சோமவாரம் என்பதால் விரதம் வேறு. மருந்துக்கு விரதத்தில் தடையில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, வெறும் வயிற்றோடு போய் பத்தேகால் வண்டியை எடுத்தேன்.

மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கிப் போதைக்குக் குடிப்பவர்கள் அந்தக் காலத்தில் உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் போலிச் சரக்கு, நம்முடையது நல்ல கடையில் வாங்கிய மருந்து என்று நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். தீபத்துக்கு வந்து உறவினர் வீடுகளில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள், கூடைக்காரப் பெண்கள், கைக்குழந்தைகள். உட்கார இடமில்லாமல் ஒருவர் முன்னால் வந்து, என் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்தார். பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழ்பென்னாத்தூர் மணிலா மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவியும் அங்கேதான் மணிலா புடைக்கிறார். சாயங்கால வண்டியில் இரண்டு பேரும் திரும்புவார்கள். அவர் குடித்திருந்ததால் மூன்று தடவை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை மழை. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டும் நான் கேட்கவில்லை. புருஷனோடு அந்தம்மாவும் இறங்கி நனைந்துகொண்டே நடந்தார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

அன்று அவரிடம் வாசனை எதுவும் இல்லை. கையில் ஒரு தூக்குச் சட்டி மட்டும் இருந்தது.

ஊரைத் தாண்டியதும் எனக்குக் காது சூடாக ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகிவிட்டது. ஐந்து நாள் அலுப்பும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அரிஷ்டம் என்றால் இதுவல்லவா அரிஷ்டம் என்று அக்காவை மனசுக்குள் பாராட்டினேன். பயணிகளோடு பேசுகிற வழக்கமே இல்லாதவன், அன்றைக்கு முன்சீட்டுப் பெரியவரிடம் என் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரனுக்குக் கையாட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்ஜின் மூடியில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையும் ஸ்டீயரிங்கில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு ஒரு ஏரிக்கரையை ஒட்டிப் போகும். அந்த வருஷம் நல்ல மழை. ஏரி தளும்ப நின்றது. தூரத்தில் அது தெரிந்தபோது, எனக்கு ரோடு இரண்டாகப் பிரிவதுபோல் இருந்தது. பயம் வரவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். இரண்டில் எது வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது.

அப்போது அவர் என் தோளைத் தொட்டார்.

"டிரைவரே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. எனக்கு வாந்தி வருது" என்றார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டானா என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். மிதித்தது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. வண்டி குலுங்கி, இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. கூடைகள் உருண்டன. நின்ற இடத்தைப் பிறகு பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் கரையின் சரிவுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

அவரை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று கதவைத் திறந்து குதித்தேன். கால் தரையில் நிற்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் வார்த்தை கொழகொழவென்று வந்தது. கண்டக்டர் ஓடிவந்து தூக்கியவர், என் முகத்தருகே குனிந்ததும் சட்டென்று பின்வாங்கினார்.

"அண்ணே, என்னாண்ணே இது?" என்றார்.

அதற்குள் பஸ் காலியாகி எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் குடித்திருக்கிறார் என்ற செய்தி ஒரு நிமிஷத்தில் கடைசி ஆள் வரைக்கும் போய்விட்டது. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வாலிபன், "ஸ்டேஷனுக்கு இட்டுனு போங்கய்யா, உள்ள தள்ளட்டும்" என்று என் சட்டையைப் பிடித்தான். மதுவிலக்குக் காலம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன். வேலை மட்டுமல்ல, லைசென்ஸும் போய், ஜெயிலுக்கும் போயிருப்பேன். நான் தொடவில்லை, தொடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நானே கேட்டாலும் நம்பாத குரலில் சொன்னேன்.

வாந்தி வருகிறது என்று சொன்னவர் வாந்தி எடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வாயருகே மோந்து பார்த்தார்.

"அரிஷ்டமா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"எவ்ளோ?"

அஞ்சு நாள் மருந்து, வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் குடிக்கிறது என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றி, தழும்பைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று தன் சட்டையைத் தூக்கினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் எனக்கு இருக்கிற அதே தழும்பு.

"இவரு குடிகாரன் இல்லீங்க. எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன்தான். அதுக்கு முன்ன மூணு கிளாஸ் ஊத்தினாகூட நின்னு மூட்டை ஏத்துவேன். இப்ப அரை கிளாஸ் உள்ள போனா போதும், ஆளு அவுட்டு. இருந்து நிதானமா இறங்குறதுக்கு வயிறு எங்க இருக்கு? நேரா குடலுக்குப் போயி ரத்தத்துல ஏறிக்குது. டாக்டரு எனக்குப் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு, நான் கேக்கல. இவருக்கு அது தெரியல, அவ்ளோதான்."

எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டையைப் பிடித்திருந்த கை விலகியது. எதிரே வந்த பஸ்ஸில் கண்டக்டர் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். பின்னால் வந்த வண்டிகளில் பயணிகள் ஏறிப் போனார்கள். அவரும் போயிருக்கலாம். மண்டியில் அவருக்கு அன்று லோடு இருந்தது. போகவில்லை. என்னைப் புளியமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போய்த் தூக்குச் சட்டியைத் திறந்தார். கேழ்வரகுக் கூழ். சோமவாரம் என்றேன். சாமி கோவிச்சிக்காது, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, ஒரேடியா குடிச்சா நம்ம வயித்துக்கு இதுவும் மயக்கும் என்று சொல்லிச் சொல்லிக் குடிக்க வைத்தார். அது அவருடைய அன்றைய சாப்பாடு. அவரும் என்னைப்போல ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டியவர்தான்.

ஒரு மணி நேரத்தில் முதலாளியின் கார் வந்தது. சக்கரம் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போனார். கண்டக்டரிடம் சாவியைக் கேட்டார். அந்தச் சாவி கைமாறியதும் என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது மூட்டைக்காரர் அவர் முன்னால் போய் நின்று நடந்ததை எல்லாம் சொன்னார். முதலாளி கடைசிவரை கேட்டார்.

"நீ நம்ம மச்சான் மண்டியில மூட்டை தூக்குற ஆள்தானே? குடிகாரன் சாட்சி சொல்ல வந்துட்டியா?"

எனக்கு அப்போதுதான் அவர் எதில் தலையைக் கொடுக்கிறார் என்று உறைத்தது. அந்த மண்டி முதலாளி, குடிக்கிறவன் என்று தெரிந்தால் வேலைக்கு வைக்கமாட்டார். இவரும் இத்தனை நாள் மண்டியில் மறைத்து வைத்திருந்தார். இப்போது தன் வாயாலேயே, அந்த மண்டி முதலாளியின் மச்சான் முன்னால் நின்று ஒத்துக்கொள்கிறார்.

அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "ஆமாங்க மொதலாளி. இதுக்குக் குடிகாரன்தாங்க சாட்சி சொல்ல முடியும். குடிக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு மூஞ்சியப் பார்த்ததும் எனக்கு என் மூஞ்சி தெரிஞ்சுதுங்க. என்னை நம்பாதீங்க. ஆபரேஷன் பண்ண டாக்டரையே கேளுங்க."

முதலாளி காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். இரைப்பை சிறுத்துப் போனவர்களுக்கு இப்படித்தான் ஆகும், சீக்கிரமாகவும் ஏறும், ஜாஸ்தியாகவும் ஏறும், அரிஷ்டத்தில் இருப்பதும் ஆல்கஹால்தான், அதுவும் வெறும் வயிற்றில் பதினொரு அவுன்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம் என்று முதலாளிக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத நான் உன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று அவர், இனிமேல் குடித்தால் என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சே நமக்கு ஆகாதுங்க டாக்டர், குடிக்கிறவங்ககிட்ட போய் சொல்லுங்க என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குடிக்காதவன் என்ற என் தலைக்கனம்தான் அறுபது பேரை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோனது.

முதலாளி ஒரு மாதம் என்னை ஸ்டீயரிங் பக்கம் விடவில்லை. ஷெட்டில் வண்டி கழுவினேன். முதல் வாரமே லீவு கொடுத்துப் போளூருக்கு அனுப்பியவரும் அவர்தான். மகளைக் கையில் வாங்கியபோது அந்த ஒரு முழ இடம் நினைவுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அழுதேன். பெண் பிறந்ததற்கு அழுகிறேன் என்று மாமியார் தப்பாக எடுத்துக்கொண்டார். அது தனிக் கதை.

திரும்பி வந்தபோது, எனக்காகச் சாட்சி சொன்னவரை மண்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. நான் போய் மண்டி முதலாளியிடம் பேசினேன். இரண்டு தடவை நடந்தேன். குடிகாரன் பேச்சை நம்பமாட்டேன், நீ நல்ல பழக்கம் உள்ள ஆள், நீ சொல்றதால சேர்த்துக்கிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அவர் தன் பிழைப்பைப் பணயம் வைத்துச் சொன்ன சாட்சிக்கு டாக்டரின் கையெழுத்து தேவைப்பட்டது. ஒன்றையும் இழக்காமல் நான் சொன்னது அப்படியே செல்லுபடியானது.

அவரிடம் ஒருநாள் கேட்டேன். என்னைப் போதையில் பார்த்ததும் சத்தம் போட்டிருக்கலாமே, ஏன் வாந்தி என்று சொன்னீர்கள் என்று.

"டிரைவரு குடிச்சிருக்காருன்னு கத்தினா எல்லாரும் எழுந்துப்பாங்க, நீங்களும் என்கூட சண்டைக்குத் திரும்பிப்பீங்க. வண்டி ஏரிக்குள்ள போயிடும். எனக்கு வாந்தி வருதுன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீங்க கட்டாயம் நிறுத்துவீங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மழையில இறக்கிவிட்டீங்களே, அன்னிக்கி நெஜமாவே குடிச்சிருந்தேன். அதுல உங்க மேல தப்பில்ல" என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அப்படிச் சொல்லிவிட்டார். அவர் மனைவியிடம் மட்டும் கேட்டேன். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, போங்க தம்பி என்று நகர்ந்துவிட்டார்.

அவர் அடியோடு திருந்திவிட்டார் என்று எழுதினால் அது கதை. மூன்று மாதம் வாசனை இருக்காது, திடீரென்று ஒருநாள் இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் அவரை இன்ஜின் மூடியில் என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, பஸ் நிற்காத இடமானாலும் அவர் தெருமுனையில் நிறுத்தி இறக்கிவிடுவேன். எண்பதுகளின் நடுவில் அவர் காலமானார். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று அந்தம்மா சொன்னார்.

இப்போது உடம்பு குறைவதற்கென்றே இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் செய்கிறார்கள். அக்காவின் பேத்தி போன மாதம் செய்துகொண்டாள். பார்க்கப் போனபோது, ஆல்கஹால் பற்றி டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன். "நான் என்ன குடிக்கிற ஆளா தாத்தா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டானிக், இருமல் மருந்து, அரிஷ்டம் என்று எதை வாயில் வைப்பதானாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளும்படி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு விபத்தும் இல்லாமல் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்று என்னை இன்றைக்கும் ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம், என் அவமானத்தை ஒரு நிமிஷம் தன்னுடையதாக்கிக்கொண்டு வாந்தி வருகிறது என்று பொய் சொன்ன அந்த மனிதரை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.